பஸ் நின்றபின் இறங்கவும்

1

நான் பெற்ற மகளே என்னைக் காருக்குள் வைத்துப் பூட்டினாள். போன ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் வாசலில், நாலு பேர் பார்க்க.

ஜெனிக்குப் பதினாறு முடிந்துவிட்டது. இங்கே மெல்போர்னில் அந்த வயதிலேயே கார் ஓட்டிப் பழக அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். மஞ்சள் அட்டையில் கறுப்பு 'எல்' போட்டு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பெரியவர் நான்தான். அவள் அப்பா அந்தோணி ஷிப்ட் முடிந்து வந்தால் கட்டிலைத் தவிர வேறு எதிலும் ஏறுவதில்லை.

அன்றைக்குப் பூசைக்கு நேரமாகிவிட்டது. முதல் வாசகம் ஆரம்பித்திருப்பார்கள் என்று எனக்குப் பதற்றம். அவள் வண்டியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே நான் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே நீட்டிவிட்டேன். நானாக நீட்டவில்லை. திண்டுக்கல் பஸ்ஸில் வளர்ந்த கால் அது. என்னைக் கேட்டுக்கொண்டு நீளுவதில்லை.

"அம்மா!" என்று ஒரு கத்தல். பிரேக் போட்டதில் என் தலை முன்னே போய்ப் பின்னே வந்தது, நீட்டிய காலும் உள்ளே வந்துவிட்டது. என் மேல் குறுக்கே விழுந்து கதவை இழுத்துச் சாத்தி, பூட்டையும் அமுக்கிவிட்டாள். சாத்திய கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு சைக்கிள்காரர் சர்ரென்று போனார்.

"கார் இன்னும் நிக்கல."

"நின்ன மாதிரிதானடி இருந்துச்சு."

"மாதிரி எல்லாம் கெடையாது. நின்னுச்சா, நிக்கலையா, அம்புட்டுதான்."

அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் என்னிடம் கேட்டுக் கற்றது என்பதால் குஜிலியம்பாறைப் பக்கத்து வாடையோடுதான் வரும். கோபம் வந்தால் மட்டும்தான் தமிழே வரும். கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், கைப்பிரேக்கை இழுத்தாள். அதற்கப்புறம்தான் பூட்டைத் திறந்து விட்டாள். நான் இறங்கிய பிறகும் கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்தாள். ஒரு சைக்கிளுக்கு அவ்வளவு பயமா என்று நினைத்தேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. என் தம்பி சவரிமுத்துவுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பொங்கல் கழித்துக் கோயிலில் தாலி மந்திரிப்பு. போனில் அவன் பட்டுச்சேலை கேட்கவில்லை, செண்ட் பாட்டில் கேட்கவில்லை. "ஜெனி வந்து நின்னாப் போதும்க்கா. அவ வராம நான் மாலையப் போட்டுக்கிட்டு என்னத்தச் சிரிக்க?" என்றான். ஜெனியோ ஏழு வயதில் ஊருக்குப் போய்வந்தவள், அதற்குப் பிறகு ஒருதடவை கூட விமானம் ஏறவில்லை. இந்தத் தடவையும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

2

இந்த ஊருக்கு நாங்கள் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். வந்த புதிதில் எனக்கு ஏறவும் தெரியவில்லை, இறங்கவும் தெரியவில்லை.

இங்கே டிராம் நடுரோட்டில் ஓடுகிறது, நடுரோட்டிலேயே நிற்கிறது. அதன் கதவு திறந்தால் பின்னால் வரும் கார்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட வேண்டும். இறங்குகிறவர் நடைபாதைக்குப் போய்ச் சேரும்வரை எவனும் நகரக் கூடாது என்பது சட்டம். எனக்கு அது தெரியாது. முதல் தடவை காய்கறிப் பையோடு இறங்கினேன். கார்கள் நின்றன. சரி, இவை போகட்டும், நாம் பிறகு தாண்டுவோம் என்று நானும் நின்றேன். அவர்கள் எனக்காகக் காத்திருக்க, நான் அவர்களுக்காகக் காத்திருந்தேன். முன்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் கையை வீசி "போம்மா, போ" என்றார். நானும் மரியாதைக்குக் கையை வீசி "நீங்க போங்க" என்றேன். பேருந்தைக் கண்டால் ஒதுங்கி நிற்கத்தான் எங்களுக்குத் தெரியும். நமக்காக ஒரு வண்டி நிற்கும் என்று யார் கண்டது?

பஸ்ஸில் இன்னொரு கூத்து. டிரைவரிடம் போய், நம்ம ஊர் இங்கிலீஷில், கொஞ்சம் ஸ்லோ பண்ணினால் போதும், நான் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். உதவியாகத்தான் சொன்னேன், அவருக்கு எதற்கு வீண் சிரமம் என்று. அவர் பஸ்ஸையே ஓரங்கட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பிறகு ஜெனி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளி வாசலில் நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தி, பிள்ளையை ரோட்டுப் பக்கக் கதவு வழியாக இறக்கியிருக்கிறேன் என்று. படம் வேறு எடுத்து வைத்திருந்தார்கள். அதில் என் முகத்தைவிட என் குற்றம் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கினேனே ஐயா என்று நான் ஒரு பதில் எழுதினேன். அபராதம் கட்டு என்று அவர்கள் ஒரு பதில் எழுதினார்கள். இந்த ஊரில் எதற்கும் ஆள் கிடையாது, காகிதம்தான். மனுசனாக இருந்தால் கெஞ்சலாம், ரெண்டு வார்த்தை திட்டலாம். காகிதத்தை என்ன செய்வது?

இப்போது நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் என் வேலை என்ன தெரியுமா? ஏற்றி இறக்குவதுதான். சக்கர நாற்காலியோடு கிழவர்களை வேனில் ஏற்ற வேண்டும். சாய்தளத்தை இறக்கு, நாற்காலிக்கு பிரேக் போடு, கொக்கி மாட்டு, பெல்ட் மாட்டு, மாட்டியதை இழுத்துப் பார். ஆஸ்பத்திரி வாசலில் அதே வேலை தலைகீழாக. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் முதுகைக் கழற்றி ஆணியில் மாட்டலாம் போல இருக்கும். என்னடா பிழைப்பு என்று சலித்துக்கொள்வேன். ஆனால் ஒரு கிழவரைக்கூட நான் கீழே விட்டதில்லை. கொக்கியை இழுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் சவரி ஞாபகம் வரும்.

3

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் மகளுக்கு நான் இதைச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை.

பஸ்ஸில் எல்லாம் எழுதித்தான் வைத்திருப்பார்கள். கரம் சிரம் புறம் நீட்டாதீர். படியில் பயணம் நொடியில் மரணம். பஸ் நின்றபின் இறங்கவும். அந்த எழுத்துக்கு அடியிலேயே கரமும் சிரமும் வெளியே தொங்கும். கண்டக்டரே படியில்தான் நிற்பார். எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் பஸ் முழுசாக நின்றால் யாரோ பெரிய மனுசர் இறங்குகிறார் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அது வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பஸ் போகிற பக்கம் பார்த்து, இடது காலை முதலில் வைத்து, கூடவே செத்த தூரம் ஓடி நிற்க வேண்டும். பின்பக்கம் பார்த்து இறங்கினவன் மூக்கை உடைத்துக்கொள்வான். சைக்கிள் பழகுவதற்கு முன்னாலேயே நாங்கள் இதைப் பழகிவிட்டோம்.

ஏறுவது இதைவிடக் கஷ்டம். விசேஷ நாளுக்கு முந்தின நாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்குத் தெரியும். எரியோடு வழி குஜிலியம்பாறை பஸ் உள்ளே திரும்பும்போதே கூட்டம் அதோடு ஓடும். ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள், மஞ்சப்பை போடுவார்கள். துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காருகிறவன் இருக்கிறானே, அவனுக்குப் பயந்து பிள்ளையைப் போடுவார்கள். பிள்ளையை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள் அல்லவா?

கம்பி இல்லாத ஜன்னலாகப் பார்த்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே விடுவார்கள். பிள்ளை மூன்று பேர் சீட்டில் கையை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டும். யார் கேட்டாலும் "ஆளு வருது, ஆளு வருது" என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் முதலில் எனக்கு, நான் வளர்ந்ததும் சவரிக்கு. எங்களைத் தூக்கி உள்ளே விட்டவர்கள் எங்கள் மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான். பிள்ளை அதுபாட்டுக்கு உட்கார்ந்து போகட்டுமே என்றுதான் விட்டார்கள்.

4

ஜெனிக்கு ஏழு வயது நடக்கும்போது கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். அந்தோணிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அவளும்தான். சவரி எங்களைக் கூட்டிப்போகத் திண்டுக்கல் வந்திருந்தான். அப்போது அவன் இருபதைத் தாண்டிய இளவட்டம். வாலிபால் ஆடுவான், கால் தரையில் நிற்காது.

கார் பிடிக்கலாமா என்றேன். "காரு என்னத்துக்குக்கா? நம்ம பஸ்ஸு இருக்கையில. பிள்ள ஊரப் பாத்துக்கிட்டே வரட்டும்" என்றான். ஜெனி அவன் தோளில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். பார்த்த நிமிஷத்திலிருந்து மாமா, மாமா என்று அவனோடுதான் ஒட்டிக்கொண்டு கிடந்தாள்.

பஸ் வந்தது. யாத்தே, என்ன கூட்டம்! சவரி ஓடினான். ஓடிக்கொண்டே தோளிலிருந்த பிள்ளையை இறக்கி, ஜன்னல் வழியாக உள்ளே விட்டான். "தாயி, ரெண்டு கையையும் விரிச்சுப் படுத்துக்க! ஆளு வருதுன்னு சொல்லு! மாமா இந்தா வந்துர்றேன்!" ஜெனி சிரித்துக்கொண்டேதான் போனாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

நாங்கள் படிக்கட்டு நெரிசலுக்குள் நுழைவதற்கு முன்னால் பஸ் நகர்ந்தது. சும்மா நகரவில்லை, வளைத்துத் திருப்பிக்கொண்டு வெளியே போகிற வாசலைப் பார்த்துப் போனது. படியில் தொற்றியிருந்தவர்கள் குதித்தார்கள். "பிள்ள உள்ள இருக்கு! ஏய், நிறுத்துங்கய்யா, பிள்ள உள்ள இருக்கு!" என்று நான் கத்தினேன். கண்டக்டர் எங்கோ டீ குடித்துக்கொண்டிருந்தார். சவரி பின்படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துத் தாவினான். ஆயிரம் தடவை தாவிய தாவல்தான். கீழே பழத்தோலோ தண்ணீரோ, என்ன கிடந்ததென்று தெரியவில்லை, ரப்பர் செருப்பு வழுக்கிவிட்டது. பின்சக்கரம் அவன் இடது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது.

பஸ் நின்றது. டீக் கிளாஸோடு ஓடிவந்த கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "டீசல் போட்டுட்டு இங்கனதானய்யா திரும்பி வரும்! சீட்டப் போட்டாச்சுல்ல, அப்புறம் என்னத்துக்குய்யா ஓடுன?"

சவரியை ஆட்டோவில் ஏற்றும்போதுதான் எனக்குப் பிள்ளை ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்குள் ஓடினேன். மூன்று பேர் சீட்டில் ஜெனி இரண்டு கையையும் விரித்தபடி படுத்திருந்தாள். எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள், கேட்பதற்கு அங்கே யாருமே இல்லை. அவள் மட்டும் "ஆளு வருது, ஆளு வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

5

பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள். சவரி பிழைத்தான், நடக்கவும் நடக்கிறான், தனியாகச் செய்த செருப்பு போட்டு. வாலிபால் போயிற்று. எரியோட்டில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நடந்து காட்டினான். அப்புறம் வரன் அமையவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வருசம் போய்க்கொண்டே இருந்தது. இப்போது அய்யலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, செருப்புத் தைக்கக் கொடுத்த கடையில் இவனைப் பார்த்துவிட்டு, அவளாகவே சம்மதம் சொல்லியிருக்கிறாள். மாதா கண் திறந்தாள்.

ஜெனி ஊர்ப்பக்கம் வராததற்கு ஒவ்வொரு வருசமும் ஒரு காரணம் சொன்னாள். பரீட்சை என்பாள், ஊருக்குப் போக ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்பாள். என் அப்பா இறந்தபோதும் நான் மட்டும்தான் போனேன். சவரி போனில் அவளைக் கேட்டால் குளிக்கப் போய்விடுவாள். அவன் ஒருநாள் என்னிடம், "என்னையப் பாத்தாலே அதுக்குப் பயமா இருக்கும்லக்கா. ஜன்னல்ல போட்டவன் நான்தான்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தோணி, "பிள்ளைய விடு ஸ்டெல்லா, அது இந்த ஊர்ப் பிள்ளையாகிப்போச்சு" என்றார். அவருக்கு எல்லாம் 'விடு'தான். விட்டு விட்டுத்தான் தமிழ் போனது, சோறு போனது, கோயிலில் தமிழ்ப் பாட்டும் போனது.

அன்றைக்குப் பூசை முடிந்து காரில் ஏறினோம். அவள் சாவியைத் திருகவில்லை. நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏண்டி, மாமா உனக்கு என்ன பாவம் செஞ்சுச்சு? ஒரு ரெண்டு வாரம் வந்துட்டுப் போனா என்ன? அவன் உன்னைய நெனச்சு நெனச்சு உருகுறான். நீ அவன வெறுக்குற."

"நான் மாமாவ வெறுக்கல."

"பின்ன?"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடியே பேசினாள், பாதி இங்கிலீஷில், பாதி எங்கள் ஊர்ப் பேச்சில். பஸ் நகர்ந்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டதாம். எழுந்து ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா வா! மாமா ஓடி வா!" என்று கூப்பிட்டாளாம். மாமா அவள் முகத்தைப் பார்த்தானாம். அதற்குப் பிறகுதான் ஓடி வந்து தாவினானாம்.

"நான் கூப்பிடாம இருந்தா மாமா ஓடியிருக்காது. பஸ் திரும்பி வந்திருக்கும். நான் மறுபடி போயிப் படுத்துக்கிட்டேன், மாமா சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சா சரியாயிரும்னு. சரியாகல. அது கால் என்னாலதாம்மா போச்சு. அத நான் எப்பிடிப் போயிப் பாப்பேன்?"

அடிப்பாவி மகளே! இத்தனை வருசமும் இதையா மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாய்? எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை. அவளை இழுத்துக் கட்டிக்கொள்ளப் போனேன், பெல்ட் தடுத்தது. பெல்ட்டோடேயே கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதோம். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும்.

6

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்ததும் சவரிக்குப் போன் போட்டேன். ஜெனி சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவள் சொன்னதை அவனிடம் அப்படியே சொன்னேன்.

அந்தப் பக்கம் கடைக்கு யாரோ வந்து ரீசார்ஜ் கேட்டார்கள். "செத்த நேரம் நில்லுய்யா" என்றான். அப்புறம் சிரித்தான்.

"அது கூப்பிட்டுச்சா? எனக்கு ஒண்ணுமே கேக்கலயேக்கா. அந்த எரைச்சல்ல என்னத்தக் கேக்கும்? சீட்டு போயிருமேன்னுல்ல ஓடுனேன். ஜன்னலோரச் சீட்டு. அம்புட்டுப் பாடுபட்டுப் பிடிச்சது, எவனாச்சும் வந்து உக்காந்துருவான்னு ஓடுனேன்."

அவன் என் தம்பி. பொய் சொன்னால் அவன் குரல் கொஞ்சம் உயரும், சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அன்றைக்கு உயர்ந்ததா, இல்லை போன் லைன்தான் அப்படி இருந்ததா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்கப் போவதும் இல்லை.

ஜெனி ஈரக் கையோடு வந்து போனுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"தாயி, அங்கதான் இருக்கியா?" என்றான். "கல்யாணத்துக்கு வா ஆத்தா. ஏர்போட்டுக்கே வண்டி கொண்டாறேன். இந்தத் தடவ வாசப்படி வழியாவே ஏத்திவிடுறேன்."

ஜெனி மூக்கை உறிஞ்சினாள். கையைத் துடைக்காமலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"வண்டி நின்ன பெறகுதான் ஏறுவேன் மாமா," என்றாள். "நீங்களும்."